வீட்டுக் கடனில் மீதி எத்தனை தவணை?

வங்கியின் கடன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் என்னை நிறுத்திக் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், ரெப்போ குறைந்துவிட்டதாமே, என் தவணை ஏன் குறையவில்லை?" (ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்.)

மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் பல வங்கிகள் தவணைத் தொகையைத் தொடுவதில்லை. கடன் காலத்தைத்தான் நீட்டும், சுருக்கும். ஆகவே முதலில் கடன் அட்டவணையை வாங்கி, மீதி எத்தனை தவணை என்று பாருங்கள். 20 லட்சம், 20 ஆண்டு, 9 சதவீதம் என்றால் தவணை 17,995 ரூபாய். 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.50-லிருந்து 5.25-க்கு இறக்கியது. அந்த 1.25 முழுவதும் கடனின் தொடக்கத்திலேயே உங்களுக்குக் கிடைத்து, அதே தவணையைக் கட்டிவந்தால், 240 மாதக் கடன் 197 மாதத்தில் முடிந்துவிடும். எனவே தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

2019 அக்டோபருக்கு முந்தைய கடன் ரெப்போவோடு இணையாமல் இருக்கலாம். கிளையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வட்டி ஏறும்போதுதான் ஆபத்து. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5 ஆனது. 7 சதவீதத்தில் அதே 20 லட்சம் அப்போதுதான் வாங்கியவருக்குத் தவணை 15,506, வட்டி 9.5 ஆனால் மாத வட்டி மட்டுமே 15,833! கட்டக் கட்டக் கடன் வளரும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வங்கி தரவேண்டும் என்பது 2023 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கி விதி. முடிந்தவரை கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். போனஸ் வந்தால் அசலில் கட்டுங்கள்; மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபருக்கு அபராதம் கிடையாது.

வைப்புத்தொகை வட்டியில் வாழும் பெற்றோருக்கு இதே வட்டிக் குறைப்பு இடி. 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அரசு அறிவித்தபோது என் மனைவி சிரித்தாள். காய்கறி மலிந்ததால் வந்த கணக்கு அது; மாத்திரைக்கும் வாடகைக்கும் அந்தச் சலுகை இல்லை. உங்கள் வீட்டுச் செலவு நோட்டில் சென்ற ஆண்டையும் இந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஏற்றத்தை விட வட்டி குறைவென்றால், 60 வயது தாண்டியவர்கள் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைக் கேட்கலாம். உச்சவரம்பு 30 லட்சம். 2025-இல் சேர்ந்தவருக்கு 8.2 சதவீதம்; ரெப்போ எங்கே போனாலும் ஐந்தாண்டுக்கு அது மாறாது.