வல்கன் காது வார்ப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரத்துக்கு (ரப்பர் மரம்) பஞ்சமில்லை. ஆனால் மரத்தில் கட்டிய மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) வடியும் பச்சைப் பால், ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வரும் வல்கன் இனத்து ஸ்போக்கின் கூரிய காதுக்கு உதவாது. அமோனியா சேர்க்காவிட்டால் சில மணி நேரத்தில் உறையும், காய்ந்தாலும் பிசுபிசுக்கும். வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் பாலே வேண்டும். (அந்தச் சொல்லும் ரோமானிய நெருப்புக் கடவுள் வல்கனின் பெயரில் பிறந்ததுதான்!)

உங்கள் காதின் பிளாஸ்டர் வார்ப்பின்மேல் களிமண்ணால் நுனியைச் செதுக்குங்கள். நுனி தலையை ஒட்டியே நிற்கட்டும். வெளியே விரிந்தால் வல்கன் களை போய்விடும். ஓரம் தாள்போல் மெலியவேண்டும், இல்லையென்றால் ஒட்டிய கோடு தெரியும்.

அதன்மேல் எடுத்த பிளாஸ்டர் அச்சை நன்றாகக் காயவையுங்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்சுவதால்தான் பால் தோலாகப் படிகிறது. ஈர அச்சில் படியாது. பாலை நிரப்பி, 20 நிமிடம் கழித்து மிச்சத்தை வடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் 2 நாளாவது காயட்டும். கழற்றும்போதே உள்ளே பவுடர் தூவுங்கள். மறந்தால் மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது.