கொழுஞ்சி விதை முளைக்கவில்லையா? வெந்நீர் வைத்துப் பாருங்கள்

கே.ஆர்.புரம் பக்கம் எங்கள் மனையின் பின்பாதி முழுக்க அஸ்திவாரம் தோண்டிக் கொட்டிய செம்மண். இறுகிக் கிடந்தது. போர் தண்ணீர் வீட்டுக்கே பற்றாது, தெருமாடுகள் வேறு. அப்படிப்பட்ட இடத்துக்கு என் முதல் தேர்வு கொழுஞ்சிதான். நம் தரிசுகளில் தானாக வளரும் பசுந்தாள் உரச் செடி, வறட்சி தாங்கும், மாடு கடிக்காது.

கண்ணில் பட்டது கொழுஞ்சிதானா என்று சந்தேகமிருந்தால் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுங்கள். நேராகக் கிழியாமல் அம்பின் வால்போலப் பிளந்து வரும். சமஸ்கிருதத்தில் 'சரபுங்கா' என்பது இதனால்தான். நெற்று பழுப்பானதும் பறித்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்தால் வெடித்துச் சிதறிவிடும்.

இனி விதை. முதல் வருடம் கீரை மாதிரி தூவினேன், அங்கொன்றும் இங்கொன்றும்தான் முளைத்தது. விதைத்தோல் மெழுகு பூசியதுபோல் தண்ணீரை உள்ளே விடாது. அடுத்த முறை கொதிக்கக் கொதிக்க ஊற்றி அப்படியே ஆறவிட்டேன். ஒன்றுகூட வரவில்லை, வெந்துபோயிருந்தன. வேண்டியது 55 டிகிரி சூடு, 2 முதல் 3 நிமிடம், அவ்வளவுதான். கொதித்த நீர் ஒரு டம்ளர், குழாய்த் தண்ணீர் ஒன்றேகால் டம்ளர் கலந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நேரமானதும் வடிகட்டிப் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். வெந்நீர் பயமென்றால் ஆற்றுமணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுத் தேயுங்கள், தோல் கீறினால் போதும்.

மே மாதக் கோடைமழை விழுந்ததும் மண்ணைக் கொத்தி, நகக்கண் ஆழத்தில் விதையுங்கள். ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வளரும், பிடுங்கிப்போட்டுவிடாதீர்கள். களையெடுக்க எனக்குக் களைக்கொத்துதான் பிடிக்கும். மண்வெட்டி இளஞ்செடியையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது.

பூ இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, அவரைப்பூ ஜாடையில் இருக்கும். தேனீ வந்து கீழிதழில் உட்கார்ந்து அழுத்தும்போது உள்ளே ஒளிந்திருக்கும் மகரந்தம் வெளியே வந்து அதன் வயிற்றில் ஒட்டும். காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அவ்வளவு அழகு.

உரத்துக்கென்றால் பூக்கும் பருவத்திலேயே மண்ணுக்குள் மடக்கிவிடச் சொல்வார்கள். தேனீக்காக நான் பாதியை விட்டுவிடுகிறேன். மீதியை அரிவாளால் அடியோடு அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுவேன். வேரைப் பிடுங்குவதில்லை, தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கும் முடிச்சுகள் அதில்தான். ஒன்றை நறுக்கிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

பிற்சேர்க்கை: நர்சரிப் பையில் வளர்த்து நட்ட இரண்டு பேருக்குச் செடி வாடிவிட்டதாம். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி இது, பெயர்த்தால் வேர் அறுந்துவிடும். நேரடியாக நிலத்திலேயே விதையுங்கள்.