பழைய கூலியையும் அரிசி விலையையும் ஒப்பிடுறப்போ இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

செட்டிநாட்டுல பெட்டகத்தைத் தொறந்தா பழைய கணக்கு நோட்டு இல்லாத வீடு கம்மி. இப்ப காலேஜ் பிள்ளைங்க அதைப் போட்டோ எடுத்து, எக்ஸெல்ல ஏத்தி, அன்னைக்கு ஒரு நாள் கூலிக்கு எத்தனை படி அரிசி, இன்னைக்கு எத்தனை கிலோன்னு கணக்குப் போடுறாங்க. நல்ல வேலை, ஆனா புதுசா வர்றவங்க எல்லாரும் அதே சில இடங்கள்லதான் சறுக்குறாங்க. கூட்டல் பிழையெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க, அதை விடுங்க.

காசு மட்டும்தான் கூலின்னு எடுக்குறது

காரைக்குடியில ஒரு தம்பி கிராஃப் காட்டுனார், 1943-ல வயவேலை ஆளுக்குக் கூலியோட மதிப்பு தொப்புன்னு விழுந்திருக்கு. 1942-ல ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் அங்கேருந்து வந்த அரிசி நின்னுச்சு, விலை ஏறுச்சு, அது சரிதான். ஆனா அவர் எடுத்தது அணாவை மட்டும். நெல்லு எங்க தம்பின்னு கேட்டா முழிக்கிறார். அந்த வீட்டு ஆச்சி பக்கத்துல இருந்து சொல்றாக, "அதெல்லாம் களத்துலயே அளந்து விட்ருவாக, நோட்டுல எதுக்கு எழுதப்போறாக? மதியம் கஞ்சியும் உண்டு." நெல்லாக் கூலி வாங்குனவங்களுக்கு அரிசி விலை ஏறுனா அவ்வளவு அடி இல்ல, மண்ணெண்ணெய், துணிக்குத்தான் திண்டாட்டம், காசா வாங்குன கொத்தனாருக்கும் சித்தாளுக்கும்தான் வயித்துலயே அடி. ரெண்டு பேரையும் ஒரே கோட்டுல போட்டா யாரு பட்டினி கிடந்தாங்கங்கிறதே தலைகீழாப் போயிடுது. அந்த ஜனங்க பட்ட பாட்டை நாம மாத்தி எழுதிடுறோம், எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காதது இதுலதான். நோட்டை மூடிட்டு வீட்டுல இருக்குற பெரியவங்ககிட்ட கேளுங்க, அவங்க இருக்கும்போதே கேளுங்க.

தமிழ் வருஷம்

60 வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேரு திரும்ப வரும். "தாது வருஷம்"னு இருந்தா 1876-ஆ, 1936-ஆ? முன்னது பெரும்பஞ்சம், பின்னது உலக மந்தத்துல தானிய விலை சரிஞ்சு கிடந்த காலம். மாத்திப் போட்டா மொத்தமும் போச்சு.

0-12-0

நோட்டுல இப்படி இருந்தா ரூபா-அணா-பைசான்னு படிக்கணும், அதாவது முக்கா ரூபா. 0.12 இல்ல. 1957 ஏப்ரலுக்கு முன்னாடி ரூபாய்க்கு 16 அணா.

படி

ஊருக்கு ஊர் வேற. அந்த ஊர்ப் படியை அளந்து பாத்துட்டுக் கிலோவா மாத்துங்க.

ரேஷன் அரிசி

100 நாள் வேலைக்கு 2025-26-ல அறிவிச்ச கூலி 336 ரூபா, செஞ்ச வேலையை அளந்து கூலி போடுறதால கைக்கு வர்றது குறையவும் செய்யும். அதைக் கடை அரிசி விலையால மட்டும் வகுத்துட்டு நிறுத்திடுறாங்க. 2011 ஜூன்லேருந்து ரேஷன்ல இலவசமா வர்ற அரிசி என்னாச்சு? அன்னைக்குக் களத்துல அளந்த நெல்லை விட்ட மாதிரியே இதையும் விடுறாங்க. காசுக் கூலி, தானியமா வர்றது, கடை விலை, மூணையும் எக்ஸெல்ல தனித்தனிக் காலத்துல (column) போடுங்க, அப்புறம் வகுத்துக்கலாம்.