மூளை ஸ்கேன் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டா, போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

அம்மாவுக்கு ஞாபக மறதி, தம்பிக்கு டிப்ரெஷன்னு கிளினிக் போற எடத்துல "ஆராய்ச்சிக்கு எம்ஆர்ஐ எடுக்கறோம், சேர்றீங்களா"ன்னு கேப்பாங்க. சும்மா ஸ்கேன் கிடைக்குதுன்னு உடனே தலையாட்டிடாதீங்க. ஆராய்ச்சி ஸ்கேன் வைத்தியத்துக்கு எடுக்கறது இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டுதான் சம்மத ஃபாரத்தைப் படிக்கணும். மலாய் சரளமா வராத பெரியவங்களா இருந்தா தமிழ்ல விளக்கச் சொல்லிக் கேளுங்க, ஆராய்ச்சி முறையா நடக்குதான்னு பார்க்கற நெறிமுறைக் குழுவோட அனுமதி இருக்கான்னு கேளுங்க, பாதியில வெலகினா வழக்கமான வைத்தியம் பாதிக்கக் கூடாது, அதையும் கேட்டுக்குங்க. பஸ் காசு தருவாங்களா, ஸ்கேன்ல கட்டி கிட்டி ஏதாச்சும் தெரிஞ்சா யார் சொல்லுவா? இதை வெக்கப்படாம கேக்கணும் லா, பேராக் சுங்கை சிப்புட்ல இருந்து கோலாலம்பூர் வரைக்கும் போறது நாமதானே.

அடுத்தது இரும்பு சமாச்சாரம், இதுலதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுவாங்க. எம்ஆர்ஐ மெஷினே ஒரு பெரிய காந்தம்தான். டெஸ்லாங்கறது காந்த பலத்தோட அளவு, 3 டெஸ்லா மெஷின்னா பூமியோட காந்தத்தை விட சுமார் 60,000 மடங்கு, ஸ்கேன் ஓடலைன்னாலும் காந்தம் வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். தங்கத்தை காந்தம் இழுக்காது, ஆனா சூடாகலாம், படமும் கெடும், அதனால தாலிச் சங்கிலியைக் கழட்டச் சொல்லுவாங்க. வெறுங்கழுத்தா இருக்க மனசு வராத பாட்டிகளுக்கு மொத நாளே மஞ்சக் கயித்துல மஞ்சத்துண்டு கட்டி விட்டுருங்க, சண்டை வராது. மெட்டி, மூக்குத்தி, இடுப்புல இருக்கற தாயத்து, வெள்ளி அரைஞாண், எல்லாம் வீட்டுலயே. செம்பனை மில்லுல வெல்டிங், கிரைண்டர் வேலை பார்த்தவங்க கண்டிப்பா சொல்லணும், கண்ணுல தெரியாம இரும்புத்தூள் இருந்தா காந்தம் அதை அசைச்சுரும், மொதல்ல எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்க. மோட்டார் ஆக்சிடென்ட்ல கால்ல பிளேட் வச்சிருந்தா எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரின்னு எழுதிக்கிட்டுப் போங்க, பேஸ்மேக்கர் இருந்தா அதோட கார்டு. முகத்துல சுசுக் ஊசி (அழகுக்கும் வசியத்துக்கும்னு தோலுக்குள்ள வைக்கற சின்ன உலோக ஊசி) போட்டிருந்தா அதையும் மறைக்காதீங்க, யாரும் கிண்டல் பண்ண மாட்டாங்க.

விடியக்காலை நாலு மணிக்கு பஸ் ஏறினா உள்ள படுத்ததும் தூக்கம் வரும். எஃப்எம்ஆர்ஐன்னா ரத்தத்துல ஆக்சிஜன் மாறறதை வச்சு மூளையில எந்த எடம் வேலை செய்யுதுன்னு பார்க்கறது, 1990-ல ஜப்பான் விஞ்ஞானி செய்ஜி ஓகாவா காட்டின வழி, அதனால தூங்கிட்டா கணக்கு மாறிப்போகும். காப்பியும் மூளைக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், குடிக்கலாமான்னு முன்கூட்டியே கேட்டுக்குங்க. உள்ள தகரக் கொட்டாயில சுத்தியல் அடிக்கற மாதிரி சத்தம் வரும், காதடைப்பான் குடுப்பாங்க, கையில ஒரு பந்து இருக்கும், முடியலைன்னா அமுக்குங்க. தலை மட்டும் ஆடக் கூடாது. "மனசுல நெனைக்கறதெல்லாம் தெரிஞ்சிருமாய்யா?"ன்னு கேக்கற அம்மாக்களுக்கு, தெரியாதும்மா, பயப்படாதீங்க.

கடைசியா, மனநோய் விஷயம். டிப்ரெஷனோ ஸ்கிசோஃப்ரினியாவோ (மனச்சிதைவு) ஒரு ஆளுக்கு இருக்கு இல்லைன்னு படத்தை மட்டும் பார்த்துச் சொல்ற ஸ்கேன் இன்னும் வரல. ஸ்ட்ரோக், கட்டி, வலிப்புக்கான தழும்பு இதெல்லாம் படத்துல தெரியலாம், அது வேற. ஆராய்ச்சிக்காரங்க கூட்டம் கூட்டமாத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க, மூளைப் படத்தையும் மனுசனோட குணத்தையும் நம்பகமா இணைக்க ஆயிரக்கணக்கான பேர் வேணும்னு 2022-ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்லயே வந்துச்சு. அதனால "ஸ்கேன் நல்லாருக்கு"ன்னு யாராச்சும் சொன்னாங்கன்னு தம்பியோட மாத்திரையை நிறுத்திடாதீங்க, அடுத்த கிளினிக் தேதியையும் தள்ளிப் போடாதீங்க.