பார்க்கின்சன் மாத்திரையைக் கடிகாரம் பார்த்துக் கொடுப்பது எப்படி?

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தை நான்கு வருஷமாக அப்பாவின் மாத்திரைதான் முடிவு செய்கிறது. இந்த வேலை புதிதாகக் கைக்கு வந்தவர்களுக்காக எழுதுகிறேன். அளவு, மாற்றம் எல்லாம் நரம்பியல் டாக்டர் பொறுப்பு. நேரமும் கவனமும் நம் பொறுப்பு.

1. அட்டையைப் படியுங்கள்
அப்பா சாப்பிடும் மாத்திரையின் பெயர் சிண்டோபா. அதில் இரண்டு மருந்துகள். லெவோடோபா மூளைக்குப் போய், பார்க்கின்சன் நோயில் குறைந்துபோகிற டோபமினாக (உடல் அசைவுக்குத் தேவையான ரசாயனம்) மாறும்; போகும் வழியிலேயே அது வீணாகாமல் கார்பிடோபா காக்கும். பெயரோடு வரும் 110 என்பது லெவோடோபா 100, கார்பிடோபா 10 மில்லிகிராம்; 275 என்பது 250+25. கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று வேறு எண் போட்ட அட்டையை நீட்டினால் வாங்காதீர்கள். சிஆர் (CR, மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை) என்று போட்டிருந்தால் நசுக்கக் கூடாது, மெல்லவும் கூடாது.

2. மணி குறியுங்கள்
சீட்டில் 'மூன்று வேளை' என்று மட்டும் இருந்தால், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 7, 12, 5. அரை மணி தள்ளிப்போனாலே மூன்றாவது பொத்தானில் விரல் நின்றுவிடும். அப்புறம் சட்டையை நான்தான் போட்டுவிட வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்காதீர்கள்.

3. சாப்பாட்டைத் தள்ளி வையுங்கள்
பருப்பு, முட்டை, கறி, பால் இவற்றின் புரதம் குடலில் லெவோடோபாவோடு முட்டி மோதும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி வந்தாலும் 12 மணி மாத்திரைக்குப் பிறகு 12.45க்குத்தான் பொட்டலம் பிரியும். குமட்டினால் இரண்டு பிஸ்கட்டோடு கொடுக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

4. மெல்ல எழுப்புங்கள்
எழுந்ததும் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிஷம் உட்காரட்டும். வேலூர் வெயிலில் தண்ணீர் குறைந்தால் இது இன்னும் மோசம்.

5. மற்ற டாக்டர்களிடம் சொல்லுங்கள்
நாங்கள் சறுக்கிய இடம் இதுதான். வாந்தி என்று பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்குப் போனோம், நோயைச் சொல்லவில்லை. மெட்டோகுளோபிரமைடு கொடுத்தார்கள். டோபமினைத் தடுக்கிற மருந்து அது. மறுநாள் அப்பாவால் கட்டிலில் புரளக்கூட முடியவில்லை. வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் தருகிற புரோகுளோர்பெரசினும் அதே ரகம். இப்போது மருந்துப் பட்டியல் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

6. திடீரென்று நிறுத்தாதீர்கள்
நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. அட்டை தீர பத்து நாள் இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

சிறுநீரும் வியர்வையும் கருத்து, வேட்டியில் கறை படியலாம். மருந்தால் வருவதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிகிறார் என்றாலோ, பார்க்கின்சனுக்கே தருகிற பிராமிபெக்சால் மாதிரி வேறு மருந்து ஆரம்பித்த பிறகு ஆன்லைன் ரம்மியில் பணம் கரைகிறது என்றாலோ, வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் மருந்து செய்கிற வேலையாக இருக்கலாம்.