நம் மூக்கை நம்பிக் கூண்டைத் தொங்கவிடாதீர்கள்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் அடுக்களைக்குப் பின்னால் ஒரு வொர்க் ஏரியா இருக்கும். ஒரு விறகடுப்பு, ஒரு கேஸ் அடுப்பு, அம்மி, சுற்றிலும் கம்பிவலை. வெளிச்சம் வரும், எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும், பூனை வராது. அதனால் லவ் பேர்ட்ஸ் கூண்டையும் அங்கேயே மாட்டிவிடுவோம். எங்கள் வீட்டிலும் அங்கேதான் தொங்கியது.

அது ஒரு ஆடி மாதம். மூன்று நாளாக மழை விடவில்லை. சாரல் உள்ளே அடிக்கிறதென்று கம்பிவலை மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தோம். மதினி தோசை சுட நான்ஸ்டிக் கல்லை அடுப்பில் வைத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் மீன்காரர் ஹாரன் அடித்தார். சாளையா அயிலையா என்று பார்த்து, விலை பேசி, மழைக்கு ஒதுங்கி நின்று வர பத்து நிமிடம் ஆகியிருக்கும். கல் காலியாகக் காய்ந்துகொண்டிருந்தது. புகை இல்லை. லேசாக ஒரு பிளாஸ்டிக் வாடை, அவ்வளவுதான். கூண்டின் தரையில் பச்சைக் குருவி அசையாமல் கிடந்தது. நீலக் குருவி கம்பியோரம் ஒண்டி, வாயைத் திறந்தபடி இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வால் ஏறி இறங்கியது. கால் மணி நேரத்தில் அதுவும் போய்விட்டது. வீட்டில் யாருக்கும் ஒரு இருமல்கூட வரவில்லை. “தீயும் பிடிக்கல, புகையும் இல்ல, பின்ன எப்படி?” என்று மதினி அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேள்வியிலேயே முதல் தவறு இருக்கிறது. நமக்குப் புகை தெரியவில்லை, நெடி ஏறவில்லை என்றால் பறவைக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். பறவையின் மூச்சு நம் மூச்சு மாதிரி இல்லை. நாம் இழுத்த காற்று, போன வழியே திரும்பி வருகிறது. பழைய காற்று கொஞ்சம் எப்போதும் உள்ளே தங்கிவிடும். பறவையின் உடம்புக்குள் பொதுவாக 9 காற்றுப்பைகள் துருத்தி போல வேலை செய்கின்றன. நுரையீரல் வழியே காற்று ஒரே திசையில் ஓடுகிறது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக் காற்று நுரையீரலைத் தொட்டுப் போகிறது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற வரித்தலை வாத்து, காற்று மெலிந்த இமயமலை உயரத்தைத் தாண்டிப் பறந்து வருவதற்கு இந்த ஏற்பாடுதான் கை கொடுக்கிறது. ஆனால் காற்றில் நஞ்சு கலந்திருந்தால், அதையும் இதே வேகத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். நாம் லவ் பேர்ட்ஸ் என்று வாங்குவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் குருவி. அதன் எடை 30, 40 கிராம்தான். நம்மை ஒன்றும் செய்யாத அளவு அதற்கு அதிகம். 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கக் கேனரிக் குருவிகளைக் கொண்டுபோகச் சொன்னதும் இதனால்தான். பிரிட்டனில் 1986 வரை அந்த வழக்கம் இருந்தது. மனிதன் மயங்குவதற்கு முன்னால் குருவி மயங்கிவிடும்.

நான்ஸ்டிக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வேகமாகக் கொல்வது, பலருக்குத் தெரியாதது. அந்தக் கறுப்புப் பூச்சின் பெயர் பி.டி.எஃப்.இ. டெஃப்லான் என்று நாம் சொல்வது இதைத்தான். தோசை சுட 200 டிகிரிப் பக்கம் போதும். அந்தச் சூட்டில் பூச்சு பேசாமல் இருக்கும். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சிதையத் தொடங்கும், 350க்கு மேல் வேகமாகச் சிதையும். அப்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் வாயுக்களும் வரும். மாவோ எண்ணெயோ இல்லாத வெறும் கல், முழுத் தீயில் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடும். அந்தக் காற்றை மனிதன் நிறைய இழுத்தால் காய்ச்சலும் உடம்புவலியும் வந்து ஓரிரு நாளில் சரியாகலாம். பறவைக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்து நீர் கோத்துவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

இதில் இன்னொரு தவறு, அட்டைப்பெட்டியில் ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பறவைக்கும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வது. பி.எஃப்.ஓ.ஏ. என்பது பூச்சைத் தயாரிக்கும்போது பயன்படுத்திய வேறொரு வேதிப்பொருள். அது இல்லையென்றாலும் பி.டி.எஃப்.இ. பூச்சு இருக்கலாம். தோசைக்கல் மட்டுமல்ல, ஆப்பச்சட்டி, பணியாரச்சட்டி, சாண்ட்விச் மேக்கர், ஏர் ஃப்ரையர், சில இஸ்திரிப்பெட்டிகளின் அடித்தட்டு என்று பல இடங்களில் இருக்கிறது. உடைந்தால் சிதறாமல் இருக்க இந்தப் பூச்சு பூசிய பல்புகளும் உண்டு. குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க அப்படியொரு பல்பைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதே, கூண்டைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்விட்டோமே என்பதையும் நான் நம்பமாட்டேன். கதவிடுக்கு போதும் அந்தக் காற்று வர. இரும்புக் கல்லுக்கும் வார்ப்பிரும்பு ஆப்பச்சட்டிக்கும் மாறிவிடுவதுதான் என் தீர்மானமான யோசனை. எங்கள் வீட்டில் அன்றோடு நான்ஸ்டிக் போயிற்று.

ஆனால் இரும்புக் கல் வந்துவிட்டதென்று கூண்டை மறுபடி அடுக்களையில் மாட்டக்கூடாது. எண்ணெய் புகையும் அளவு காய்ந்தால் அக்ரோலின் என்ற எரிச்சல் வாயு வரும். வற்றல் மிளகாய் வறுத்தால் வீடே கமறுகிறது, தெருவில் போகிறவர்கூடத் தும்முகிறார். அடுப்புக்கு மூன்றடி தள்ளி, பறக்கவும் வழியில்லாமல் கூண்டுக்குள் இருக்கிற உயிரை நினைத்துப் பாருங்கள். விறகடுப்பில் கொதும்பும் மட்டையும் ஈரத்தோடு எரிகிற மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். சில வீடுகளில் அடுப்புக்கு மேலேயே ரப்பர் ஷீட் காயப்போடுவார்கள், தனியாகப் புகைப்புரை இருப்பவர்கள் குறைவு. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கேனும் அந்த மூலையிலேயே மூடி சரியாக இல்லாமல் நிற்கும். அதன் காரம் மூக்கில் ஏறுவது பால் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஷீட் அடிக்கிற இடத்திலும் உலர்த்துகிற இடத்திலும் பறவை இருக்கவே கூடாது.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் தொடங்கினால் டிசம்பர் வரை ஜன்னலைச் சாத்தி வைக்கிற நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில்தான் கொசுவும் அதிகம். ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டைகளில் மழைநீர் தேங்கினால் கேட்கவே வேண்டாம். குருவியைக் கொசு கடிக்குமே என்ற பரிவில் கூண்டுக்கு அடியிலேயே கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு நல்லதுதான். ஆனால் ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் வரை விடும் அளவு நுண்துகள்களை விடுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதை ராத்திரி முழுவதும், மேலே துணி போர்த்திய கூண்டுக்குள் அனுப்புகிறோம். பிளக்கில் செருகும் லிக்விடில் புகை இல்லை, ஆனால் பூச்சிமருந்து ஆவிதான் வருகிறது. மூடிய அறையில் அதுவும் வேண்டாம். ஒரு பழைய கொசுவலையைக் கூண்டைச் சுற்றி, குருவியின் அலகு எட்டாதபடி தளர்வாகத் தொங்கவிட்டால் போதும்.

விளக்கு வைக்கிற நேரத்துச் சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம், கிறிஸ்துமஸ் சமயத்து வாசனை மெழுகுவர்த்தி இவற்றையெல்லாம் நிறுத்துங்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஏற்றுவதற்கு முன்னால் கூண்டை வெளியே எடுங்கள், வாடை முழுவதும் போன பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். ஏற்றிய பிறகு எடுப்பதில் பயன் குறைவு. ரூம் ஸ்ப்ரே, சென்ட், அலமாரியில் போடும் பாச்சை உருண்டை, கூண்டு இருக்கும் அறையில் சிகரெட், இவற்றுக்கும் இதே கதைதான்.

கழிவறையில் ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டு மேலேயே பிளீச்சிங் பவுடர் தூவுவது ரொம்பப் பேருக்குப் பழக்கம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். மனிதருக்கே ஆபத்து. பெயின்ட், வார்னிஷ், தின்னர் வேலை நடக்கிற வீட்டிலிருந்து பறவைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கூண்டுக்கே பெயின்ட் அடித்து ஈரம் காய்ந்ததும் உள்ளே விடுவது பெரிய தப்பு. மழையில் கரண்ட் போனால் ஜெனரேட்டரை வராந்தாவில் ஓடவிடுவதும், சிரட்டைக்கரியை மூடிய அறையில் கனலவிடுவதும் கார்பன் மோனாக்சைடு விஷயம். அதற்கு வாடையே கிடையாது.

இன்னொரு தவறு, எங்கள் ஊர் மழைக்காலத்துக்கே உரியது. குருவி இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். நாம் உடனே “பாவம், குளிருது” என்று ஜன்னலை மூடி, கூண்டைப் போர்த்தி, சில வீடுகளில் தைலம் போட்டு ஆவியும் காட்டுவோம். குளிராக இருக்கலாம். ஆனால் மூச்சுத் திணறலின் ஆரம்பமும் அப்படித்தான் இருக்கும். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கிற சாதி. அலகு திறந்திருக்கிறதா, மூச்சோடு வால் ஆடுகிறதா, குரல் கம்மியிருக்கிறதா, கம்பியை விட்டுத் தரையில் உட்காருகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் போர்வையை எடுத்துவிட்டு நல்ல காற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். தைலத்தின் ஆவி திணறும் நுரையீரலை இன்னும் எரிக்கும்.

நெடி ஏறிவிட்டது என்று தெரிந்தால் அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் முதலில் கூண்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். அடுப்பை இன்னொருவர் அணைக்கட்டும். மழை படாத, காற்றோட்டமான இடம் போதும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கையில் பிடித்துத் தடவிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அந்தப் பயமே மூச்சைக் கெடுக்கும். கொஞ்ச நேரத்தில் தெளிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். நம் ஊர் மிருக ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் மாடும் ஆடும்தான் வரும், பறவைக்கு ஆக்சிஜன் வைக்க எல்லா இடத்திலும் வசதி இருக்காது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். பறவை பார்க்கிற டாக்டர் யார், எந்த நேரம் இருப்பார் என்று இப்போதே விசாரித்து எண்ணைக் கூண்டிலேயே எழுதி ஒட்டுங்கள். போன் செய்யும்போது அடுப்பில் என்ன பாத்திரம் இருந்தது, எத்தனை நிமிடம் காய்ந்தது, பறவை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.