விடுதி ஊழியர் மனமொன்றி வேலை செய்வதற்குச் சில வழிகள்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் சிறு விடுதி நடத்துவோர் சித்திரை பிறந்ததும் ஆள் தேடி அலைவதும், வாடை தொடங்குமுன்பே அவர்களிற் பாதிப்பேர் விலகிப் போவதும் வழக்கமாகிவிட்டது. சம்பளம் உரிய நாளில் கிடைக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 12 சதவீதமும் தவறக் கூடாது. இவற்றிற் குறை வைத்தவருக்குக் கீழே சொல்பவை எவையும் உதவா.

அதற்கு மேல் ஊழியரின் மனம் தேடுவதை எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் றயன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் மூன்றாக வகுத்தனர்: தன் விருப்பத்துக்கும் இடமிருத்தல், வேலை கைவருகிறது என்ற உணர்வு, உடனிருப்போருடனான பிணைப்பு.

முதலாவதுதான் எங்கள் விடுதிகளில் மிக அரிது. இன்ன மீன் வாங்கு என்று சமையல்காரருக்குக் கட்டளையிடாமல், செலவு வரம்பை மட்டும் சொல்லி, விடியலில் அவரையே சந்தைக்கு அனுப்புங்கள். செவுளை விரித்துப் பார்த்துத் தானே தெரிந்தெடுத்த பாரை, குழம்பாகி மேசைக்கு வரும்வரை அவருடைய பொறுப்பாகிவிடும். மாற்ற முடியாத விதியென்றால் காரணத்தைச் சொல்லுங்கள். புறாத்தீவுக்குப் படகேறுவோருக்காகவே 6 மணிக்குத் தேநீர் என்று அறிந்தவர் அவ்வளவாக முணுமுணுப்பதில்லை.

பரிசுத் தொகையில் நானே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன். விருந்தினர் இணையத்தில் பெயர் குறிப்பிட்டுப் பாராட்டும் ஊழியருக்கு 500 ரூபாய் என்று அறிவித்தேன். இரண்டே வாரத்தில், பயணப்பையைத் தூக்குமுன்பே கைபேசியை நீட்டி, “என் பெயரை எழுதுங்கள்” என்று கேட்கத் தொடங்கினார்கள். எவர் கண்ணிலும் படாத தோட்டக்காரரோ கிணற்றடியைக் கூட்டுவதையே விட்டுவிட்டார். டெசி 1971இல் வெளியிட்ட ஆய்விலும், புதிர்க்கட்டைகளைப் பொருத்தக் காசு பெற்ற மாணவர்கள், காசு நின்றபின் ஓய்வு வேளையில் அவற்றை நாடுவது குறைந்தது. ஊக்கத்தொகையே கூடாதென்பதல்ல, முன்கூட்டி அறிவிக்காமல் பருவ முடிவிற் கொடுப்பது இப்படிக் கெடுப்பதில்லை.

பாராட்டும்போது கண்டதைச் சொல்லுங்கள்: “வடிகானில் சேர்ந்த மணலை நீங்களே அள்ளியதால் 3ஆம் அறையில் தண்ணீர் தேங்கவில்லை.” பிழையைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

வேலைநேர அட்டவணையை வெறுந்தாளாகவே சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். நோன்புக் காலத்து மாலை வேலையை யார் ஏற்பது, வெசாக்குக்கும் தீபாவளிக்கும் யார் வீடு போவது என்பதை அவர்களே பேசி நிரப்பட்டும். முதல் வாரத்தில் ஓரிரு கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு நீங்கள் பேனாவை எடுக்காதீர்கள்.